தேள் ஏறி நிற்கும் நேரம்

இரவு வானத்தைப் படமெடுக்க நான் யூடியூபில்தான் கற்றுக்கொண்டேன். சொல்லிக்கொடுத்தவர்களில் பாதிப்பேர் அமெரிக்காவில் இருந்தார்கள். பால்வீதிக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நல்ல சீசன் என்றார்கள். அதை நம்பி ஜூன் மாதத்து அமாவாசைக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு கேரளக் கரையில் இருக்கும் விழிஞ்ஞத்துக்குப் போய் நின்றால், தலைக்கு மேலே இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை கொட்டுகிறது. விருச்சிகம் என்ற தேள் கொடுக்கைத் தூக்கி நிற்கும், பால்வீதியின் அந்த அடர்ந்த நடுப்பகுதி முன்னிரவில் நன்றாக மேலே வருகிற மாதங்கள் நமக்கு மழை மாதங்கள். மழை தொடங்குமுன் அதைப் பிடிக்க வேண்டுமானால் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை பின்னிரவில் எழுந்து உட்கார வேண்டும். வீடியோக்காரர்கள் இதைச் சொல்லவில்லை. அவர்கள் ஏன் சொல்ல வேண்டும்? அவர்கள் ஊர் வானத்துக்கு அவர்கள் சொன்னார்கள்.

எனக்குத் தொழில் கல்யாணப் போட்டோ. ஊர் மார்த்தாண்டம் பக்கம். களியக்காவிளை தாண்டிவிட்டால் விழிஞ்ஞம் தூரமில்லை. கோவளம் பக்கத்துக் கல்யாணங்களும் அவுட்டோர் வேலைகளும் நிறைய வரும். பகல் முழுக்க மனிதர்களைச் சிரிக்கச் சொல்லி, தோளைத் திருப்பச் சொல்லி, மாப்பிள்ளையின் அத்தானை ஃபிரேமுக்கு வெளியே போகச் சொல்லித் தொண்டை வற்றியவனுக்கு, சொல்லவே தேவையில்லாமல் தன்பாட்டில் நகர்கிற நட்சத்திரங்கள் பெரிய ஓய்வு. வேலை முடிந்த இரவுகளில் அங்கேயே தங்கிவிடுவேன். ஆரம்பம் அப்படித்தான்.

விழிஞ்ஞம் பூமத்திய ரேகைக்கு வடக்கே 8 டிகிரி சொச்சத்தில் இருக்கிறது. படமெடுப்பவனுக்கு இந்த எண்ணில் நிறைய விஷயம் உண்டு. துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து அதே 8 டிகிரியில்தான் நிற்கும்; கையை நீட்டி முஷ்டி பிடித்தால் ஒரு முஷ்டி உயரம்கூடத் தேறாது. அதுவும் நேர் வடக்கே திருவனந்தபுரம் நகரத்து வெளிச்சத்துக்குள்ளே முங்கிக் கிடக்கும். லடாக்கில் எடுத்த படங்களில் நட்சத்திரக் கோடுகள் துருவத்தைச் சுற்றி முழு வட்டமாக வருகிறதே, அந்த ஆசையை இங்கே விட்டுவிட வேண்டியதுதான். பதிலுக்குத் தெற்கே கடல் இருக்கிறது. தென்துருவம் அதே 8 டிகிரி அடிவானத்துக்குக் கீழே போய்விடுவதால், தெற்கு நட்சத்திரங்கள் கடல்மேல் எழுந்து, வளைந்து, கடலிலேயே இறங்கும். ஒரு மணி நேரம் ஷட்டரைத் திறந்து வைத்தால் வில் வில்லாகக் கோடுகள் விழும். தலைக்கு மேலே இருப்பவை கிட்டத்தட்ட நேர்கோடாகப் போகும்.

தென்சிலுவை இங்கே உச்சத்தில் 21 டிகிரி வரை ஏறும். டெல்லிக்காரனுக்கு அது அடிவானப் புழுதியைத் தாண்டாது. அகத்தியர் நட்சத்திரம் மார்கழி, தை மாதங்களில் தெற்கே தகதகவென்று நிற்கும். அந்தப் பெயர் கொண்ட மலை, 1,868 மீட்டர் உயரத்தோடு, வடகிழக்கில் இருக்கிறது. முனிவருக்கு இரண்டு பக்கமும் இடம் கொடுத்த ஊர் இது என்று கல்யாண வீடுகளில் சும்மா சொல்லிவைப்பேன். மாப்பிள்ளை வீட்டார் தலையாட்டுவார்கள்.

இனி தொழில்நுட்பம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். விளக்கு எரியும் துறைமுகத்தை எடுக்க எஃப் 8, ஐஎஸ்ஓ 100, நாலு வினாடி போதும். நட்சத்திரம் வேண்டுமென்றால் எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200, இருபது வினாடி. கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டுக்கும் நடுவே ஆயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். வானத்துக்கு வைத்தால் துறைமுகம் வெள்ளையாக வெந்துபோகும். துறைமுகத்துக்கு வைத்தால் வானம் கரிச்சட்டி. ஆகவே இரண்டு தடவை எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றாக்குவது வழக்கம். இதில் ஒளிவு மறைவு ஒன்றுமில்லை. இருபது வினாடிக்கு மேல் போகாததற்கும் காரணம் உண்டு: பூமி மணிக்கு 15 டிகிரி சுற்றுகிறது; 24 மி.மீ. லென்ஸில் அதற்கு மேல் போனால் நட்சத்திரம் புள்ளியாக நிற்காமல் அரிசியாக நீளும். ஃபோகஸுக்கு நான் நம்புவது கோவளத்துப் பாறைமேல் நிற்கும் கலங்கரை விளக்கம். 1972-இல் கட்டியது, சிவப்பும் வெள்ளையும் பட்டைபட்டையாக. அதன் வெளிச்சத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்து லென்ஸைத் திருகி, டேப் ஒட்டிவிட்டால் விடியும்வரை கவலையில்லை. கவலையெல்லாம் உப்புக்காற்றுதான். அரை மணிக்கொருதரம் லென்ஸ் கண்ணாடி பிசுபிசுக்கும். வேட்டித் துணியால் துடைத்தால் இன்னும் கெடும்.

இப்படி எடுத்ததில் ஒரு படம் எனக்குப் பேர் வாங்கித் தந்தது. 2019 மார்ச்சில் எடுத்தது. கீழே மீன்பிடித் துறைமுகம். ஓரத்தில் பள்ளிவாசல் விளக்குகள். நீல வெளிச்சத்தில் நூல் பிடித்தாற்போல் வரிசையாக வள்ளங்கள், ஒவ்வொன்றின் நிறமும் தெரியும். மேலே பால்வீதி, தேளோடு சேர்ந்து, சாய்ந்து எழுந்து நிற்கிறது. கீழ்ப்பாதி அந்தி ஆறே முக்காலுக்கு எடுத்தது. நம் பக்கம் சூரியன் செங்குத்தாக விழுவதால் அந்த நீல நேரம் இருபது நிமிடம் இருந்தால் அதிகம். ஓடி ஓடி எடுக்க வேண்டும். மேல்பாதி அதே இடத்தில், அதே டிரைபாடில், மறுநாள் விடியற்காலம் நாலரைக்கு எடுத்தது. ஒட்டியது தெரியாது. தெரியாமல் ஒட்ட ஒரு வாரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு கண்காட்சியில் மாட்டினார்கள், ஒரு காலண்டரில் போட்டார்கள். வானத்தையும் ஊரையும் இப்படி ஒன்றாகப் பார்த்ததில்லை என்றார்கள் எல்லோரும். பார்த்திருக்க முடியாதுதான். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

2024 தொடக்கத்தில் விழிஞ்ஞம் கோட்டப்புறத்தில் ஒரு கல்யாணம் எடுத்தேன். பெண்ணின் அப்பாவுக்குப் பூர்வீகம் நம் தூத்தூர்ப் பக்கம். சின்ன வயதில் மழைக்கால மீன்பாட்டுக்கு விழிஞ்ஞம் வந்து, அங்கேயே பெண் கட்டித் தங்கிவிட்டவர். மற்றக் கரைகளில் அலை அடித்து வள்ளம் இறக்க முடியாத மாதங்களில், சுற்றுவட்டாரம் முழுக்க இந்த ஒதுக்குத் துறைமுகத்துக்குத்தான் வந்து சேரும். அவர் பேச்சில் மலையாளம் ஏறியிருந்தாலும் என்னோடு பேசும்போது தமிழுக்கு வந்துவிடுவார். கல்யாண வேலைக்கு நடுவே நான் அவரை மாமா என்று கூப்பிட ஆரம்பித்து, அதுவே நிலைத்துவிட்டது. ஆல்பம் கொடுக்கப் போனபோது, மரியாதைக்கு அந்தப் படத்தையும் ஃபிரேம் போட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

அத்தை மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் கொண்டுவந்து வைத்தார். மாமா ஆல்பத்தைத் தொடவில்லை. ஃபிரேமைச் சுவரில் சாய்த்து வைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மூக்கு தொடும் கிட்டத்தில் போய்ப் பார்த்தார்.

"இது ஞாயித்துக்கெழம எடுத்ததா மக்கா?"

"இல்ல மாமா. செவ்வாக்கெழமைன்னு நெனைக்கேன்."

"அப்போ பொயல் நேரமா?"

"பொயலா? வானம் எப்படித் தெளிஞ்சு கெடக்கு, பாருங்க."

"அதைத்தான் பாக்கேன். தேளு இம்புட்டு ஏறி நிக்குது. மாசி, பங்குனின்னா மணி நாலு, நாலரை. அந்நேரம் இவ்வளவு வள்ளமும் கரையில கெடந்தா ஒண்ணு ஞாயித்துக்கெழமையா இருக்கணும், இல்லேன்னா கடல்ல என்னமோ நடந்திருக்கணும்."

அந்தக் கரையில் கத்தோலிக்கர்கள் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. மற்ற நாட்களில் விடியற்காலம் நாலரைக்கு வள்ளங்கள் கடலில் இருக்கும், வேலை அப்போதுதான். இது அங்கே குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம். நான் ஒட்டிய விதத்தைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அப்போ மேல விடியக்காலம், கீழ அந்திக் கருக்கல். ஒரே சட்டத்துக்குள்ள."

"படம் அழகா இருக்கணும்லா மாமா."

"அழகாத்தான் இருக்கு. யாரு இல்லன்னா?"

"நல்ல படத்தைக் கொண்டாந்து தந்தா குத்தம் சொல்லுதாரு" என்று அத்தை எனக்காகப் பரிந்தார். அவர் குற்றம் சொல்லவில்லை. மணி தப்பாகக் காட்டும் கடிகாரத்தை ஒருவர் தந்தால் நாம் எப்படிப் பார்ப்போமோ, அப்படிப் பார்த்தார். நான் லைக் வாங்கிய ஆயிரக்கணக்கான கண்களில் ஒன்றுகூட அந்தப் படத்தில் மணி பார்க்கவில்லை. இவர் முதலில் பார்த்ததே மணிதான். அதற்குள்ளே மாதம், கிழமை, கடலின் நிலைமை எல்லாம் வந்துவிட்டன.

அவர் வேறு படம் இருந்தால் காட்டச் சொன்னார். போனில் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே போனவர் ஒன்றில் நின்றார். அதைப் பற்றித்தான் நான் யாரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒக்கிப் புயல் 2017 நவம்பர் 30-இல் அடித்தது. குமரி மாவட்டத்தில் ரப்பரும் வாழையும் மின்கம்பமும் ஒன்றாகச் சாய்ந்தன. பல ஊர்களில் கரண்ட் வர நாள் கணக்கில் ஆயிற்று. முதல் சில நாட்கள் பௌர்ணமியை ஒட்டி நிலவு இருந்தது. நிலவு தேய்ந்தபிறகு, கரண்ட் வராத ஊர்களில் வந்த இருட்டு நான் பிறந்தது முதல் பார்த்திராத இருட்டு. கடற்கரை ஊர்களில் திரும்பி வராதவர்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். அந்த டிசம்பரில் குமரிக் கரையிலும் திருவனந்தபுரம் கரையிலும் பல பங்குகளில் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தை விட்டுவிட்டார்கள். மற்ற வருடங்களில் அந்த வாரம் விழிஞ்ஞத்தில் ஒவ்வொரு வீட்டு முகப்பிலும் காகித ஸ்டார் எரியும்; தூரத்துக் குன்றிலிருந்து பார்த்தால் கரை முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாய்ப் புள்ளிகள். அந்த வருடம் இல்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் ஒரு நடுராத்திரி நான் அங்கே போனேன். 14 மி.மீ. லென்ஸை நட்டுக்குத்தாக வைத்து, அடிவானத்திலிருந்து தலை உச்சி வரை ஒரே ஃபிரேமில் எடுத்தேன்.

அப்போது எனக்கு இருந்தது சந்தோஷம். வேறு பெயர் சொல்லி மழுப்ப முடியாது. இந்தக் கரையில் இப்படி ஒரு வானம் இனிமேல் கிடைக்காது, கிடைத்த நேரத்தில் எடுத்துக்கொள் என்று மனது அடித்துக்கொண்டது. எவர் வீட்டுத் துக்கத்தால் இருட்டிக் கிடக்கிறது என்று தெரியாமலா இருந்தேன்? தெரியும். தெரிந்தே ஷட்டரை அமுக்கினேன். படமெடுத்தது தப்பு என்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அந்த உள்ளங்கைக் குறுகுறுப்பு மறக்கவில்லை. இரவு வானத்தைத் தேடிப்போகிற எல்லோருக்குள்ளும் அது உண்டு என்று நினைக்கிறேன். வெளிச்சத்தை அழுக்கு என்று சொல்லிப் பழகிவிட்டோம். லடாக்கில் ஹன்லே பகுதியை 2022-இல் இருள் வானக் காப்பகமாக அறிவித்தார்கள். அங்கே தொலைநோக்கிகள் இருக்கின்றன, ஊர்க்காரர்களும் சேர்ந்து வெளிச்சத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள், வருகிறவர்களால் அவர்களுக்குப் பிழைப்பும் உண்டு. நல்ல ஏற்பாடு. விழிஞ்ஞத்தில் வெளிச்சம் என்பது வலையை உதறுகிறவனின் டார்ச், மீன் ஏலம் போடுகிற இடத்து விளக்கு, ஐஸ் உடைக்கிற கொட்டகை பல்பு. அவற்றை அணைக்கச் சொல்ல எந்தப் போட்டோக்காரனுக்கு வாய் வரும்? மனதுக்குள்ளே சொல்லிக்கொண்டுதான் இருந்தோம்.

மாமா அந்தப் படத்தை விரலால் அகட்டிப் பார்த்தார்.

"எத்தனை மணி?"

"பன்னெண்டு."

"திருவாதிரை நேர் உச்சி. பன்னெண்டு மணின்னா மார்கழி. கிறிஸ்மஸ் சமயம்." கரைப் பக்கம் விரலை இறக்கினார். "ஒரு வீட்டுலயும் ஸ்டார் இல்ல." கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பித் தந்தார். "ஒக்கி வருஷம். இது சரியா இருக்கு."

திருவாதிரை விழிஞ்ஞத்தில் உண்மையிலேயே உச்சந்தலைக்கு மேலே, ஒரு டிகிரி வித்தியாசத்துக்குள் கடக்கும். நான் அதை ஆப் பார்த்துத் தெரிந்துகொண்டவன்.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் வானத்தைப் பார்த்த கதையும் படமெடுத்த கதையும் பழையவை. நகரத்தில் சுவாதித் திருநாள் மகாராஜா 1837-இல் வானோக்கு நிலையம் தொடங்கினார். ஆனால் எனக்குப் பிடித்தது தும்பா. 1963 நவம்பர் 21, மாலை 6.25. இந்தியாவிலிருந்து ஏவிய முதல் ராக்கெட், அமெரிக்கா தந்த நைக்கி அப்பாச்சி, தும்பாவிலிருந்து கிளம்பி மேலே போய் சோடியம் ஆவியை விட்டது. வானத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு, பிறகு கோணல்மாணலாக ஒரு மேகம். அந்த நேரத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் இருக்கிறது: தரையில் இருட்டியிருக்க வேண்டும், மிக உயரத்தில் இன்னும் வெயில் பட வேண்டும். அந்த வெயில் பட்டுத்தான் சோடியம் ஒளிரும். பல இடங்களில் கேமரா வைத்து, ஒரே நேரத்தில் படமெடுத்து, மேகம் எப்படிக் கலைகிறது என்று பார்த்து மேல்வானத்துக் காற்றை அளப்பதுதான் சோதனை. ஒவ்வொரு படமும் எந்த இடத்தில், எந்த வினாடியில் எடுத்தது என்பது தெரியாவிட்டால் அது வெறும் ஆரஞ்சு மேகம்; தெரிந்தால் காற்றின் வேகம். மாமா கேட்ட கேள்வியும் தும்பாவில் அன்று கேமராவோடு நின்றவர்கள் கேட்டிருக்கக்கூடிய கேள்வியும் ஒன்றுதான்.

அதே சோடியம்தான் நம் தெருவிளக்குகளிலும் எரிந்தது. அந்த மஞ்சள் பெரும்பாலும் ஒரு குறுகிய நிறப்பட்டையில் விழுவது என்பதால், அந்தப் பட்டையைத் தடுக்கும் ஃபில்டரை மாட்டி வானத்தை ஓரளவு காப்பாற்றிக்கொள்வோம். எல்.இ.டி. வந்தபிறகு அந்த ஃபில்டர் பெட்டியில் கிடக்கிறது. எல்லா நிறமும் கலந்த வெள்ளையை எதைக் கொண்டு தடுப்பது? ஆனாலும் இப்போது பழைய ஹார்டு டிஸ்க்கைத் திறக்கும்போது நானும் மணி பார்க்கிறேன், கொஞ்சம் மாமா பார்ப்பதுபோல. தெரு மஞ்சளாக இருந்தால் பழைய வருடம். வெள்ளையாக இருந்தால் பிற்பாடு. தென்கிழக்கு அடிவானத்தில் சிவப்புப் புள்ளிகள் உயரத்தில் தொங்கினால், அது 2023 அக்டோபருக்குப் பிறகு.

அந்தப் புள்ளிகள் புதிய துறைமுகத்தின் கிரேன்கள். அந்த அக்டோபரில் ஷென்ஹுவா 15 என்ற கப்பல்தான் முதல் கிரேன்களைக் கொண்டுவந்தது. 2024 ஜூலையில் சான் ஃபெர்னாண்டோ என்ற முதல் பெரிய சரக்குக் கப்பல். 2025 மே 2-இல் பிரதமர் வந்து முறைப்படி திறந்துவைத்தார். 800 மீட்டர் கப்பல்துறை. கடலுக்குள்ளே சுமார் 3 கிலோமீட்டர் அலைதடுப்புச் சுவர். 2022-இல் நூறு நாளைக்கு மேல் மீனவர்கள் இதை எதிர்த்துப் போராடியதும் இதே ஊரில்தான். கரை அரிக்கிறது என்பது அவர்கள் வாதம். ஊருக்கு வேலை வரும் என்பவர்களும் அதே தெருவில் இருக்கிறார்கள். ராத்திரியில் கலங்கரை விளக்கத்துப் பாறையில் நின்று பார்த்தால் அந்தக் கிரேன்களின் வெளிச்சம் தண்ணீரில் நீண்டு விழுவது கண்ணைப் பறிக்கும். அழகாக இருக்கிறது என்று கோட்டப்புறத்தில் சத்தமாகச் சொல்ல எனக்குத் தயக்கம்.

மாமாவிடம் கேட்டேன். அவர் அரசியல் பேசவில்லை. மீன் கிடைக்கும் பார்களை, அதாவது கடலடிப் பாறைகளை, அடையாளம் வைக்கிற கணிச்சத்தைப் பற்றிச் சொன்னார். கரையிலுள்ள இரண்டு அடையாளங்களை, ஒன்று முன்னே ஒன்று பின்னே, நேர்கோட்டில் வைத்துப் பார்ப்பது. வேறொரு திசையில் அப்படியே இன்னொரு ஜோடி. இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் வள்ளம் நிற்க வேண்டும். பகலில் மலை, கோவில், தென்னந்தோப்பு. ராத்திரியில் விளக்குகள்.

"முன்ன லைட்ஹவுஸ் வெளிச்சம் தனியாத் தெரியும். இப்போ அந்தப் பக்கம் பூராவும் வெள்ளை. கண்ணு அங்க போயிருது."

"அப்போ என்ன செய்வீங்க?"

"மருமகன் ஜி.பி.எஸ். பாப்பான்" என்றார். அதில் வருத்தமிருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஜி.பி.எஸ். வாங்கப் பணம் கொடுத்ததே அவர்தான்.

2025 மார்ச் கடைசியில் அந்த 2019 படத்தையே மறுபடி எடுக்கலாம் என்று போனேன், இந்தத் தடவை வானமும் தரையும் அடுத்தடுத்த நிமிடங்களில். தேதி எனக்கு அமாவாசைக் கணக்கில் அமைந்தது. ரமலான் மாதம் பிறையில் தொடங்கிப் பிறையில் முடிவதால், அதன் கடைசி நாட்கள் எப்போதும் நிலவில்லாத இரவுகள்தான். நட்சத்திரம் தேடுகிறவனின் காலண்டரும் நோன்பு வைக்கிறவர்களின் காலண்டரும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். இத்தனை வருடமாக அமாவாசை பார்த்துப் போகிற எனக்கு இது தோன்றியதே இல்லை. இந்த இருட்டு ராத்திரி மீன்காரர்களுக்கும் வேண்டியது. தண்ணீருக்குள் மீன்கூட்டம் அசையும்போது எழும் கவருவெளிச்சம் நிலவில்லாதபோதுதான் கண்ணில் படும்.

மணி நாலரை. தேள் ஏறி நின்றது. பள்ளிவாசல் பக்கத்து வீடுகளில், நோன்பு தொடங்குமுன் சாப்பிடும் சஹருக்கு எழுந்திருந்தார்கள். ஜன்னல் ஜன்னலாக வெளிச்சம், சமையலறைகளில் ஆள் நடமாட்டம். முன்பெல்லாம் இந்த ஜன்னல்களைக் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாக அணைத்திருப்பேன். மற்றப் பக்கம் வீடுகள் தூக்கத்தில். வள்ளங்கள் கட்டுகிற இடத்தில் பாதிக்கு மேல் வெறும் தண்ணீர். பழுதுக்கு ஏற்றிய சிலது மட்டும். கடலில் தொலைவாகச் சின்னச்சின்ன வெளிச்சங்கள், அவற்றுக்கு அப்பால் நங்கூரம் போட்ட ஒரு கப்பல். கிரேன்கள் வேலை செய்துகொண்டிருந்தன. இருபது வினாடியில் நகர்ந்த பெட்டிகள் மங்கலான பட்டையாக விழுந்தன. பால்வீதி 2019-இல் இருந்த அளவுக்கு இல்லை. தென்கிழக்கில் அடிப்பகுதியைத் துறைமுக வெளிச்சம் தின்றுவிட்டது. ஆறு ஃபிரேமை அடுக்கி நாய்ஸைக் குறைத்தபின்னும் அந்த மூலை பால்சோறு நிறத்தில்தான் இருக்கிறது. போட்டோ என்ற கணக்கில் பழைய படத்தின் பக்கத்தில் இது நிற்காது. நான் அதை ஒத்துக்கொள்கிறேன்.

பிரிண்ட் போட்டுப் பின்பக்கத்தில் தேதி, மணி, திசை எழுதி மாமாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பின்பக்கத்தைப் பார்க்கவில்லை. முன்பக்கத்திலேயே எல்லாம் இருந்ததால் தேவைப்படவில்லை போல. பழைய ஃபிரேமைக் கழற்றவும் இல்லை. "அது அங்கேயே இருக்கட்டும், வீட்டுக்காரிக்குப் பிடிச்சிருக்கு" என்றார். புதியது மருமகன் வீட்டுக்குப் போயிற்று.

இதற்குப் பிறகு நான் திருந்தி, ஒட்டுப்போடுவதையே விட்டுவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். போன மாதம் கோவளத்தில் ஒரு ஹோட்டலில் வரவேற்பறைக்குப் பெரிய படம் கேட்டார்கள். கலங்கரை விளக்கம் வேண்டும், அந்தி நீலம் வேண்டும், மேலே பால்வீதி வேண்டும், துறைமுக வெளிச்சம் மட்டும் வேண்டாம். அது நாலு வேலை, நாலு கூலி என்றேன். சரி என்றார்கள். செய்து கொடுத்தேன், மாப்பிள்ளையின் அத்தானை ஃபிரேமுக்கு வெளியே அனுப்பிப் பழகிய கைக்குக் கிரேனை அனுப்புவது கஷ்டமில்லை. பின்பக்கத்தில் இரண்டு தேதியும் இரண்டு மணியும் எழுதி வைத்திருக்கிறேன். சுவரில் அடித்துவிட்டார்கள், இனி யார் திருப்பிப் பார்க்கப்போகிறார்கள்.

ஒரே கவலை, அந்த ஹோட்டலுக்கு மீன் கொடுப்பது மாமாவின் மருமகன். பில் வாங்க முன்வாசல் வழியாகத்தான் போவான்.